இன்னும் ஒரு பட்டியல் பாக்கி

— இவனும் இல்லைப்பா. பேரு சரி, அப்பா பேரும் சரி, ஆனா வயசு எழுபது. நம்ம சுருட்டைக்கு முப்பத்தாறுதானே ஆகுது.

— என் பேருல ஒரு அப்பனும் அவன் பேருல ஒரு பிள்ளையுமா எங்கேயோ ஒரு குடும்பம் இருந்திருக்கு பாரு. நல்லா இருக்கட்டும். அடுத்ததைத் தட்டு வக்கீலம்மா.

— கூரியர் ஆபீஸ்காரியை வக்கீலம்மான்னு கூப்பிடறதை எப்பத்தான் விடுவீங்களோ. தட்டறேன், நீங்க ஸ்கிரீனை மறைக்காதீங்க. கண்ணாடியை எங்கே வெச்சீங்க?

— தலை மேல இருக்கும்.

— தலை மேலயும் இல்லை.

— விடு கழுதையை. நீயே வாசிச்சுச் சொல்லு.

— வாசிக்க என்ன இருக்கு? வாக்காளர் பட்டியல் பார்த்தாச்சு, வண்டிப் பதிவு பார்த்தாச்சு, வீட்டு வரி, கடை லைசென்ஸ் எல்லாம் பார்த்தாச்சு. எங்க கூரியர் ஆபீஸ்ல திரும்பி வர்ற பார்சலுக்கெல்லாம் இதே இலவச சைட்டுங்களை வெச்சுத்தான் நான் ஆளைப் பிடிக்கறேன். வீடு மாறிப் போனவங்க, ஊரை விட்டே போனவங்க, யாரா இருந்தாலும் ஏதாவது ஒரு பட்டியல்ல ஒரு வரியில மாட்டிடுவாங்க. என்கூடப் பிறந்த சுருட்டை மட்டும் மாட்ட மாட்டேங்கறான்.

— உனக்கு இந்த வித்தையைக் கத்துக்கொடுத்தவனே அவன்தானே. குருகிட்டயே காட்டினா எப்படி?

— அதுவும் சரிதான். நம்ம பட்டறை டிரில்லைத் தூக்கிட்டு ஓடின ஆளை, இதே சோஃபால படுத்துக்கிட்டு எந்தத் தெருவுல இருக்கான்னு சொன்னானே.

— சும்மா இருக்கவே தெரியாது அவனுக்கு. சொந்தக்காரங்க ஒருத்தரை விடாம தட்டிப் பார்ப்பான். யார் வீடு கட்டறா, யார் வண்டி மாத்தினா, யார் போய்ச் சேர்ந்தா, எல்லாம் நமக்கு முன்னாடி அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்.

— அப்பா, இன்னும் ஒரே ஒரு பட்டியல் பாக்கியிருக்கு.

— எது?

— இறப்புப் பதிவு.

— அதைத் தட்டாதே.

— இல்லைன்னு பார்த்துட்டா ஒரு நிம்மதிதானே. ஆபீஸ்லயும் நாங்க கடைசியா அதைத்தான்...

— தட்டாதேன்னு சொன்னேன்ல.

— சரி, தட்டலை. கையை விடுங்கப்பா, வலிக்குது. அம்மா கூப்பிடற மாதிரி இருக்கே.

— கூப்பிடலை, பேசிக்கிட்டிருக்கா. கேட்டைத் திறந்து வைங்க, சுருட்டை வர்ற நேரம்னு. தினமும் இதே பேச்சுதான். காலையில என்னைப் பார்த்து, நீங்க யாருன்னு கேட்டா. சொன்னேன். சரி, உட்காருங்கன்னா.

— என்னையும் பாதி நேரம் நர்ஸுன்னு நினைச்சுக்கறா.

— நீயும் போயாச்சு, நானும் போயாச்சு. அவன் முகம் ஒண்ணுதான் அவகிட்ட மிச்சம் இருக்கு. அதுவும் அழிஞ்சு போறதுக்குள்ள அவன் ஒரு தடவை வந்து அவ எதிர்ல நிக்கணும்மா. எனக்கு வேற எதுவும் வேண்டாம்.

— அதுக்குத்தானே லீவு போட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கேன். இருங்க, வேற வழியில போவோம். ஆள் பேரை விட்டுட்டு நம்ம வீட்டு நம்பரைப் போடறேன். இந்த வீட்டு விலாசத்துல இருக்கற ஓட்டெல்லாம் வரும். அவன் ஓட்டை எந்த ஊருக்கு மாத்திக்கிட்டான்னு அதுல ஏதாவது தெரியலாம்.

— நம்ம வீட்டுல யார் இருக்காங்கன்னு நமக்குத் தெரியாதா? அதை எதுக்குப் போய்த் தட்டற?

— ஒரு நிமிஷம் இருங்கப்பா.

— விடும்மா அதை. வா, டீ போடறேன். காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை நீ.

— வந்துடுச்சு. அம்மா பேரு இருக்கு. சுருட்டை பேருக்கு நேரா, நீக்கப்பட்டது, இடம் மாறியவர். எங்கேன்னு போடலை. அப்புறம்... அப்பா.

— ம்.

— உங்க பேரையும் அடிச்சிருக்காங்க. நீக்கப்பட்டது. காரணம், இறப்பு.

— ஓ.

— என்ன ஓ? உங்களைச் சாகடிச்சு வெச்சிருக்காங்கப்பா.

— பரவாயில்லை, வலி தெரியாமத்தான் சாகடிச்சிருக்காங்க.

— சிரிக்கிற விஷயமா இது? வேற யாரோ செத்ததுக்கு உங்க பேரை அடிச்சிருக்கான் எவனோ. நாளைக்குக் காலையில முதல் வேலை, அந்த ஆபீஸுக்குப் போறோம். முழு ஆளைக் கூட்டிட்டுப் போய் எதிர்ல நிறுத்தினா திருத்தித்தானே ஆகணும்.

— வேண்டாம்.

— முட்டி வலிச்சா வண்டி சொல்றேன்.

— முட்டிக்கு ஒண்ணும் இல்லை. அது அப்படியே இருக்கட்டும்.

— போன தேர்தலுக்கு முட்டி வலின்னுதானே ஓட்டுப் போட வரலை நீங்க? அப்பவே பேரு இல்லைன்னு தெரியுமா உங்களுக்கு?

— அம்மாவுக்கு மாத்திரை குடுக்கற நேரம்.

— குடுத்தாச்சு. உட்காருங்க. வாசல்ல பேர்ப்பலகையைக் காணோமேன்னு கேட்டேன், ஆணி துருப்பிடிச்சு விழுந்துடுச்சுன்னீங்க. ஆயுசு முழுக்க லேத்துல இரும்பைக் கடைஞ்ச மனுஷனுக்கு வேற ஆணி கிடைக்கலை. செருப்பை வாசல்ல விடாம கட்டிலுக்கு அடியில வைக்கறீங்க. போன் அடிச்சா நீங்க எடுக்கறதில்லை, அம்மாவைப் பார்த்துக்க வர்ற அக்காதான் எடுக்கறாங்க. வயசாயிடுச்சு, அப்பா ஒடுங்கிப் போயிட்டாருன்னு நினைச்சு நான் வீட்டுக்குப் போய் அழுதிருக்கேன். சொல்லுங்கப்பா. உங்க பேரை எடுக்கச் சொல்லி மனு போட்டது யாரு?

— உங்க அம்மா.

— அம்மாவா? அவளுக்குத் தன் பேரே...

— கையெழுத்து மட்டும் இன்னும் முத்து முத்தா வருது அவளுக்கு. நான் எழுதிக் கொடுத்தேன், போட்டா. போட்டுட்டு, எப்போ போனாரு பாவம்னு என்கிட்டயே கேட்டா.

— விசாரிக்க ஆள் வந்திருப்பாங்களே.

— வந்தாரு. நான்தான் கதவைத் திறந்தேன். செத்தவரோட தம்பின்னேன். அண்ணன் எப்படி, நல்ல மாதிரியான்னு கேட்டாரு. கோபக்காரர், இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா திருந்தியிருப்பாருன்னேன். தண்ணி குடிச்சுட்டு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.

— எதுக்குப்பா இதெல்லாம்? யாராவது இப்படி ஒரு காரியம் செய்வாங்களா?

— அன்னிக்குப் பட்டறையில நடந்தது உனக்குத் தெரியுமே.

— தெரியும். லேத் வேலை பிடிக்கலைன்னு சொன்னதுக்கு ஆளுங்க முன்னாடி அவனை அடிச்சீங்க.

— அது உனக்குத் தெரியும். துணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பறப்ப வாசல்ல நின்னு அவன் சொன்னது தெரியாது. அம்மாவுக்கும் நான் சொல்லலை. இந்த ஆள் உயிரோட இருக்கற வரைக்கும் இந்தப் படி ஏற மாட்டேன், செத்தா வர்றேன்னான். சொன்னா சொன்னதுதான் அவனுக்கு. என் பிள்ளைதானே.

— அதனால...

— அதனால செத்தேன். எங்கே இருந்தாலும் என்னிக்காவது ஒருநாள் நம்ம வீட்டு நம்பரைத் தட்டிப் பார்ப்பான். எல்லார் வீட்டையும் பார்க்கறவன் நம்ம வீட்டைப் பார்க்காம இருப்பானா? அம்மா தனியா இருக்கான்னு தெரிஞ்சா ஓடி வந்துடுவான்னு நினைச்சேன்.

— வந்தா நீங்க நடு வீட்டுல உட்கார்ந்திருப்பீங்களேப்பா.

— உள்ள வந்தப்புறம்தானே பார்ப்பான். அம்மா அவன் கையைப் பிடிச்சப்புறம் பார்க்கட்டும், ஏமாத்திட்டியேன்னு காறித் துப்பட்டும். வாங்கிக்கறேன்.

— அழாதீங்கப்பா. நான் எதையும் திருத்தலை, அப்படியே இருக்கட்டும். அவன் பார்ப்பான். என்ன வேலையோ, என்ன தொல்லையோ, இன்னும் பார்க்காம இருந்திருக்கலாம்.

— மனு போட்டு ரெண்டு மழைக்காலம் போயிடுச்சும்மா. கேட் சத்தம் கேட்டா எழுந்து பின்பக்க ரூமுக்குப் போய் நின்னுக்குவேன். பால்காரரா இருக்கும், இல்லைன்னா கேட்டைக் காத்து தள்ளியிருக்கும்.

— கோபம் ஆறலையோ என்னவோ.

— செத்தவன் மேல எவ்வளவு நாளைக்குக் கோபப்படுவான்? அம்மா தனியா கிடக்கான்னு தெரிஞ்சும் வராத பிள்ளையா அவன்?

— இல்லைப்பா.

— அதைத்தான் நானும் நினைச்சுப் பார்க்கறேன். நினைக்கக் கூடாதுன்னு இத்தனை நாள் டீ போட்டுக்கிட்டே இருந்தேன்.

— என்னப்பா சொல்றீங்க?

— கண்ணாடி கிடைச்சுடுச்சு, சட்டைப் பையிலேயேதான் இருந்திருக்கு. ஸ்கிரீனை இந்தப் பக்கம் திருப்பு. பாக்கியிருக்கற அந்தப் பட்டியலையும் தட்டிடு வக்கீலம்மா.