நேரா பேட்டரியில்

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. அவர் கால் டாக்சி டிரைவர். அந்தம்மா அதே கம்பெனி கன்ட்ரோல் ரூமில் மைக்கில் பேசுபவர். ஒட்டுக்கேட்கவில்லை, அவர்கள் குரல் அப்படி. அந்தம்மாதான் ஆரம்பித்தார்.

“வயர்லெஸ் செட்ட யாராவது நேரா பேட்டரியில குடுப்பாங்களா? நேத்து லீவுன்னு பூரா வண்டி நின்னுச்சு, செட்டு மட்டும் ஓடியிருக்கு. பேட்டரி இறங்கி இன்னைக்கு வண்டி கிளம்பல.”

“சாவி லைன்ல குடுத்தா, சாவிய எடுத்ததும் செட்டு ஆஃப் ஆயிடும்.”

“ஆகட்டுமே. லீவு நாள்ல எதுக்கு செட்டு?”

“நீ பேசுறதக் கேக்கத்தான்.”

“வீட்டுல பேசலையா நான்?”

“மைக்குல எல்லா டிரைவரையும் ‘சொல்லுங்க சார்’ங்கிற. வீட்டுல என்னைய அப்படிச் சொல்லியிருக்கியா?”

அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் காவிரிப் பாலம் தாண்டியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றதும் அந்தம்மா கணவர் தோளைத் தட்டினார்.

“ஸ்டாண்டு வந்திடுச்சு. இறங்குங்க சார்.”