நாலு பேர்கிட்ட சொல்லுங்க

தலையை ஆட்டாதீங்க சார், கிருதா கோணிக்கும்... இந்த ஊர்ல ஒரு மனுஷன் நிம்மதியா ஒரு சிகரெட் பிடிக்க முடியுதா, நீங்களே சொல்லுங்க! எதிர்க்கடைக்காரன், முப்பது வருஷப் பழக்கம், ஒண்ணு குடுடான்னா, "மிட்டாய் தரேன், சப்புங்க மாமா"ங்கறான். எனக்கு! அம்பத்தாறு வயசுல! சரிதான் போடான்னு நேத்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போனேன். ஒண்ணு வாங்கி உதட்டுல வைக்கறேன், டிரைவர் ஜன்னல் வழியா தலையை நீட்டி, "என்ன மாஸ்டர், இன்னிக்குப் பதினெட்டாம் நாளாச்சே!"ங்கறான். நாள் எண்ணிட்டிருக்கான் சார்! பொண்டாட்டி பொறந்தநாள் ஞாபகம் இருக்காது அவனுக்கு.

கொஞ்சம் குனிங்க... என் பொண்ணுக்குக் குழந்தை பொறந்து ரெண்டு மாசமாகுது. ஆசையா போய்க் கையை நீட்டினா, "வாடை அடிக்குதுப்பா, தள்ளி உக்காருங்க"ன்னுட்டா. பெத்த பொண்ணு! பேத்தியை வாசப்படியிலேர்ந்து எட்டிப் பார்த்துட்டு வந்தேன் சார். மனசு விட்டுப்போச்சு.

மறுநாளே ஆஸ்பத்திரி. புகையை நிறுத்தறதுக்குன்னே அங்க ஒரு நர்ஸம்மா இருக்காங்க. தங்கமான பொம்பளை. மெல்லறதுக்கு ஏதோ குடுத்தாங்க, மிளகாட்டம் உறைக்குது. ஆசை வந்தா கூப்பிடுங்கன்னு ஒரு போன் நம்பர் குடுத்தாங்க. கூப்பிட்டேன். நாப்பது நிமிஷம் பேசினேன்... கடைசில போன்ல பேசின பொண்ணே, "ஐயா, அடுத்தவங்க காத்திட்டிருக்காங்க"ன்னுடுச்சு!

அப்புறம் அந்த நர்ஸம்மா சொன்னாங்க, "நம்பிக்கையான நாலு பேர்கிட்ட சொல்லி வைங்க, நீங்க தடுமாறினா தாங்கிப் பிடிப்பாங்க"ன்னு. நாலே நாலு பேர். இது எப்படி ஊர் பூரா பரவுச்சு? எந்த ஓட்டவாய் பண்ண வேலை? டிரைவரையே கேட்டேன், யாருடா சொன்னான்னு. "நீங்கதான் மாஸ்டர், ஷேவிங் பண்றப்போ"ங்கறான். பால்காரன், வாத்தியார், எதிர்க்கடைக்காரன், எல்லாரும் இதையேதான் சொல்றானுங்க!

பின்னே என்ன சார்... நாற்காலில ஒருத்தர் உக்காந்தா பேசாம எப்படி வெட்டறது? வாய் ஓடினாத்தான் எனக்குக் கை ஓடும். தவளை தன் வாயால கெடும்பாங்க, என்னைப் பார்த்துதான் சொல்லியிருக்கணும். நல்லவேளை, நீங்க ஊருக்குப் புதுசு, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது... அடடா! உங்ககிட்டயும் சொல்லிட்டனா?

சரி, இந்தப் பக்கம் முடிஞ்சுது. ரெண்டே நிமிஷம் சார். நேத்து வாங்கின சிகரெட் அந்தப் பவுடர் டப்பாக்குள்ள இருக்கு, பின்பக்கம் போயிட்டு ஓடி... என்ன சார்? டப்பாவை ஏன் எடுக்கறீங்க? ஐயோ, துணிக்குள்ள ஏன் சொருகறீங்க? குடுங்க சார்! பாதித் தலைதான் வெட்டியிருக்கு, நினைப்பிருக்கட்டும்!

சிரிக்கறீங்க...

நாளை மறுநாள் ஞாயித்துக்கிழமை சார். சிகரெட்டை விட்டு இருபத்தோரு நாள் முடியுது. அன்னிக்குக் குழந்தையை என் கையில தரேன்னிருக்கா என் பொண்ணு.

நீங்களே வச்சுக்குங்க. கெட்டியாப் பிடிச்சுக்குங்க, நான் கெஞ்சினாலும் குடுக்காதீங்க... ம், தலையைத் திருப்புங்க, அந்தக் காதுப்பக்கம் பார்ப்போம்.