வெள்ளிக்கிழமைக் கற்பூரம்

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, சார். எங்கள் பீங்கான் கம்பெனி டீயில் இஞ்சி கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் சூளையை மூட்டியதும் அதன் வாசலில் கற்பூரம் ஏற்றுவது எங்கள் வழக்கம். முதலாளி பெரியநாயகியம்மா அந்தத் தட்டை என்னிடம்தான் கொடுப்பார். கேமராவும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொண்டவன் நான். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு சேரன் வேலைக்கு வந்தான்.

மூட்டிய கொஞ்ச நேரத்தில் சூளையின் கேஸ் அடுப்பு சில நாள் அணைந்துவிடும்; கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அது தெரிவதற்காகத்தான் கேமரா. படத்தை ஆபீஸ் திரைக்கு அனுப்பும் மீடியா சர்வரை எழுதியவன் நான். அதில் ஓட்டை இருப்பதைச் சேரன் கண்டுபிடித்தான். கேமராவின் பெயருக்கு மெமரியில் சின்ன இடம்தான் ஒதுக்கியிருந்தேன். யாராவது வேண்டுமென்றே நீளமான பெயரை அனுப்பினால் அது பக்கத்து இடத்திலும் வழிந்து, படம் அப்படியே நின்றுவிடும். அணைந்த தீ எரிவதாகவே தெரியும். பெயரின் நீளத்தை முதலில் அளந்து பார்க்கும்படி நாலு வரி சேர்த்தான். அவ்வளவுதான்.

"இனிமே சேரனே ஏத்தட்டும்பா. எத்தன பேரு உசுர காப்பாத்தியிருக்குது அந்தப் புள்ள," என்றார் அம்மா.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், பொறாமைதான்.

போன வெள்ளிக்கிழமை அந்த நாலு வரியை எடுத்துவிட்டு, என் போனிலிருந்து நீளமாக ஒரு பெயரை அனுப்பினேன். படம் நின்றது. எல்லோர் முன்னாலும் அவன் தலைகுனிய வேண்டும், அதுதான் என் ஆசை.

சூளைப் பக்கம் போனபோது கேஸ் வாடை அடித்தது. அடுப்பு அணைந்திருந்தது. கொரோனா வந்துபோனதிலிருந்து சேரனுக்கு எந்த வாசனையும் தெரியாது. கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் பாவம், திரையைப் பார்க்காமல் சூளைக்கு வரமாட்டான்.

"ஸ்க்ரீன்ல பாத்துட்டுதாண்ணே வரேன், தீ நல்லா எரியுது. ஏத்திடலாங்களா?"

"ஏத்துப்பா," என்று தட்டைக் கொடுத்தேன். தீப்பெட்டியையும் கொடுத்தேன். வண்டியை நிழலில் நிறுத்த வேண்டியிருந்ததால் வெளியே வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவன் உயிர் போய்விட்டது. பெரிய மாலையாக வாங்கிப் போட்டேன். திரும்பி வந்ததும் அந்த நாலு வரியையும் பழையபடி சேர்த்துவிட்டேன், சார். சர்வர் இப்போது பத்திரமாக இருக்கிறது.

அந்தச் சூளை வெடித்துப் போனாலும், கம்பெனியின் இன்னொரு சூளை நன்றாகத்தான் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை அம்மா தட்டை யாரிடம் கொடுக்கப்போகிறார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.