ரோசரியின் பவுடர் டப்பா

எங்கள் குழுவில் ரோசரியைத் தவிர எல்லாருக்கும் நாற்காலி உண்டு. பாடுகிறவள் நிற்கத்தானே வேண்டும்.

'சூசைமுத்து புதல்வர்கள் இன்னிசைக் குழு' என்று அப்பா பெயர் வைத்தார். புதல்வர்கள் என்றால் நானும் தம்பி லியோனார்டும். நான் ஹார்மோனியம், அவன் தபேலா. தங்கை ரோசரி குரல் கொடுத்தாள். மலாயாவில் அசாம் ஜாவா ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் எங்களை விட்டுக் கல்யாணம் நடக்காது. அப்பா போனபின் குழுவை நான்தான் நடத்தினேன். அதாவது, ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் கால் மணி நேரம் சங்கீதம் பற்றிப் பேசுவேன். ஜனங்கள் பொறுமைசாலிகள்.

ஐம்பத்திரண்டில் கோலாலம்பூர் வானொலியிலிருந்து கடிதம் வந்தது. ரோசரி மட்டும் வரலாம், வாத்தியக்காரர்கள் அங்கேயே இருக்கிறார்களாம். போனாள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டு வாசலில் கூடித் தோட்டமே ரேடியோ கேட்டது. பாட்டு முடிந்ததும் எங்களை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி என் தோளில் கை போட்டார்.

"ஏண்டா பெர்னாட், ஒந் தங்கச்சிக்கு இவ்ளோ நல்ல குரலா? இத்தன வருசமா ஒம் பொட்டிதான் மறச்சிருக்கு லா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு.

ஒரே வருடத்தில் கிள்ளானில் மேடை, சுவரெல்லாம் அவள் படம். எங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தவர்கள், "தங்கச்சி வருமா?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். பிறகு சிங்கப்பூர்க் கம்பெனிக்காரர்கள் இசைத்தட்டில் பாடக் கூப்பிட்டார்கள். அங்கேயே தங்கப் போவதாக ரோசரி சொன்னாள்.

"நீயும் வாயேண்ணே. கேட்டுப் பாக்குறேன். அங்க ஏதாச்சும் வேல இருக்கும்."

வேலை என்றாள். ஹார்மோனியம் என்று சொல்லவில்லை.

அப்போது அவசரகாலம். காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, தோட்டத்து முள்வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோகக் கூடாது. வாசலில் பெண்களைச் சோதிக்கிறவள் சின்னத்தாய். ரோசரியை மட்டும் அவள் தொடமாட்டாள். "ரெண்டு வரி பாடிட்டுப் போ தங்கச்சி, அதான் ஒனக்குச் சோதன" என்பாள்.

புறப்படும் அன்று காலை ரோசரி குளிக்கப் போயிருந்தபோது, அவளுடைய பெரிய பவுடர் டப்பாவில் அரிசியைக் கொட்டி, மேலே ஒரு விரல் உயரத்துக்குப் பவுடர் பரப்பினேன். பஸ் தவறினால் போதும் என்றுதான் நினைத்தேன். துணிப்பையில் போட்டிருந்தால் மறதி என்று விட்டிருப்பார்கள். அதையும் யோசித்தேன்.

வாசலில் வெள்ளைக்கார அதிகாரி நின்றிருந்தார். சின்னத்தாய் வழக்கம்போல் பாட்டுக் கேட்டாள்.

"எங்க வீட்டு ஸ்டாருக்கு மட்டும் சட்டம் கெடையாதாக்கா?" என்றேன், வேடிக்கையாக. பக்கத்திலிருந்த காவலர் அதை அதிகாரிக்கு மலாயில் சொன்னார்.

டப்பாவைக் கவிழ்த்தார்கள். ரோசரி அரிசியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, எனக்குத் தெரியாதுன்னு சொல்லுண்ணே. நீ சொன்னா நம்புவாங்க."

நம்பியிருப்பார்கள். கோர்ட்டில் என்னைக் கேட்டபோது, வீட்டில் கொஞ்ச நாளாக அரிசி குறைந்தது என்றேன். பொய் இல்லை, நான்தானே எடுத்தேன். நான்கு வருடம் கொடுத்தார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் வேறொரு பெண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். லியோனார்ட் தபேலாவை விற்றுவிட்டுத் தஞ்சோங் காராங்கில் லோரி ஓட்டுகிறான். என்னோடு பேசுவதில்லை. தாளமும் அவனுக்குச் சுமார்தான்.

நீங்கள் பத்திரிகைக்காரர், கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ரோசரி உள்ளேதான் இருக்கிறாள். பாடச் சொல்லிப் பிரயோசனமில்லை, சிறையிலிருந்து வந்த நாள் முதல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கூப்பிட்டால் வருகிறாள். உட்கார் என்றால் உட்காருகிறாள். தினமும் மாலையில் நான் வாசிப்பதை முழுக்கக் கேட்கிறாள். முன்பெல்லாம் பாதியில் எழுந்து போய்விடுவாள். இப்போதுதான் அவளுக்கு அண்ணனின் அருமை தெரிந்திருக்கிறது.