தாடை உடைந்த ஒட்டகம்

ஒட்டகத்தை மயக்குவதில் பாதி வேலை, முந்தின நாளே அதைப் பட்டினி போடுவதுதான் ஐயா. அசைபோடும் பிராணி மயங்கிக் கிடக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே ஏறி வரும். மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டால் முடிந்தது. அதனால் நெஞ்சு தரையில் படும்படி உட்கார்த்தி, கழுத்தை உயர்த்தி, வாய் மட்டும் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொள்வோம். கால்நடை மருத்துவர் கல்கலோவும் அவருடைய உதவியாளான இந்தத் தராரேயும் பதினோரு வருஷம் சால்பி பாலைவனம் முழுக்க இப்படித்தான் வேலை பார்த்தோம். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஒரு தடவை மலேரியா வந்து ஒன்பது நாள் என் குடிசையில்தான் கிடந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு மைக்கோனாவில் ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. வயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கழுதைக்குப் போடும் மயக்க மருந்தில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். முந்தின நாள் அவர் கழுதை வைத்தியம் பார்த்திருந்தார், கை அதே அளவை எடுத்தது.

"அண்ணே, இது கழுதை அளவு," என்றேன்.

"வாயை மூடிக்கிட்டு காலைப் பிடி," என்றார்.

பசு எழுந்திருக்கவில்லை. கன்றும் போயிற்று.

பெரியவர்கள் கூடி விசாரித்தார்கள். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மருந்தை எடுத்தது தராரேதான். அவ தெரியாமப் பண்ணிட்டா, விட்டுருங்க."

அவர் கண்ணைத் தாழ்த்துவார் என்று காத்திருந்தேன். தாழ்த்தவில்லை.

அதன்பிறகு கிணற்றடிக்குப் போனால் பெண்கள், "தராரே வர்றா, ஆட்டை ஒளிச்சு வைங்கடி. தூங்க வைக்கச் சொன்னா ஒரேயடியாத் தூங்க வச்சிருவா," என்பார்கள். என் கூடப்பிறந்தவன்கூடத் தன் ஆட்டுக்குட்டியை என்னிடம் காட்டவில்லை. ஊசி போட்டுக்கொண்டிருந்தவள், கயிறு பிடிக்கிறவள் ஆனேன். "நான் இல்லேன்னா உன்னை யாரு சேர்ப்பா?" என்று கல்கலோ சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை இசாக்கோவின் கடா ஒட்டகத்தைப் பார்க்கப் போனோம். இணைசேரும் பருவத்தில் இன்னொரு கடாவோடு போட்ட சண்டையில் கீழ்த்தாடை உடைந்து தொங்கியது. கம்பி போட்டுக் கட்ட வேண்டும். இசாக்கோ தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போயிருந்தார். கல்கலோ அப்போதுதான் வயிறு நிறையக் கறியும் பாலும் சாப்பிட்டு முடித்திருந்தார். நான் ஒட்டகத்தின் தலைக்கயிற்றைப் பிடித்திருந்தேன். அதன் கழுத்தில் ஊசி போட அவர் குனிந்தபோது ஒட்டகம் தலையை வீசியது. ஊசி அவர் தொடையில் இறங்கிவிட்டது, மருந்து மொத்தமும்.

அவர் பதறவில்லை. மெல்ல உட்கார்ந்தார். "தராரே, எனக்கு ஏறிருச்சு. நான் சாஞ்சா ஒருக்களிச்சுப் படுக்க வை. வாய் கீழ பாக்கட்டும். இசாக்கோ வந்ததும் வண்டி பிடிக்கச் சொல்லு."

"சரிண்ணே," என்றேன்.

மல்லாந்து விழுந்தார்.

நான் புது ஊசியில் சரியான அளவு எடுத்து ஒட்டகத்துக்குப் போட்டேன். அது கண்சொருகியதும் கழுத்தை உயர்த்தி, மூட்டைமேல் சாய்த்து, வாயைக் கீழே திருப்பி வைத்தேன். மூன்று வருஷம் கழித்து என் கை வேலை செய்தது. பின்னால் களகளவென்று ஒரு சத்தம் வந்தது. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன், பாதியில் விட முடியாது. அப்புறம் சத்தம் நின்றுவிட்டது.

இசாக்கோ வந்து கேட்டார், "என்ன, டாக்டர் படுத்துட்டாரு?"

"தூங்குறாரு."

"சாப்பாடு அப்படி!" என்று சிரித்துவிட்டு, ஒட்டகத்தின் தாடையைத் தடவிப் பார்த்தார். "நீயா கட்டின? நல்லாக் கட்டியிருக்கியே," என்றார்.

வெயிலில் கை வியர்த்துக் கயிறு நழுவியது என்று முதல் வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். அது பொய். கயிறு நழுவவில்லை ஐயா, விட்டேன். அவர் ஊசியோடு குனியும் நேரம் பார்த்து விட்டேன். அவ்வளவு பெரிய துரோகம் செய்த பிறகும், என் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் குனிந்தாரே, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?