மேலதிகாரி கட்டம்

— கத்தாதே அக்கா, பக்கத்து மேஜையில காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.

— கேட்கட்டும்டா. எல்லா ஆபீசுக்கும் சம்பளம் போயாச்சு, எங்க கோர்ட்டுக்கு மட்டும் இல்லை. பதிவாளர்னு பேரு எனக்கு. டைப்பிஸ்ட் அம்மா என் ரூமுக்கு வந்து அழுதுட்டுப் போறா. டிரைவர் மூஞ்சியைப் பார்க்கவே முடியலை.

— நானா நிறுத்தினேன்? கம்ப்யூட்டர் நிறுத்துது.

— கம்ப்யூட்டருக்கு எங்க மேல என்ன கோபம்?

— இங்க வந்து பாரு. சம்பளப் பட்டியல்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு மேலதிகாரி இருக்கணும். டிரைவருக்கு மேல ஹெட் கிளார்க், அவருக்கு மேல நீ, உனக்கு மேல நீதிபதி ஐயா. ஐயாவுக்கு மேல யாரு?

— யாரும் இல்லை.

— அதான் சிக்கல். இந்த மாசத்திலேருந்து அந்தக் கட்டம் காலியா இருந்தா மொத்தப் பட்டியலும் நின்னுடும்.

— நீதிபதிக்கு மேல சட்டம்தான்டா இருக்கு. அதைப் போடு.

— சட்டத்துக்கு ஊழியர் நம்பர் இருக்கா?

— விளையாடாதே. எங்க சம்பளத்தை நாங்களே போட்டப்போ இந்தத் தலைவலி உண்டா? எல்லாத்தையும் பிடுங்கிட்டு வந்து இந்த நிதித்துறையில குவிச்சு வெச்சீங்க. இப்போ மாசம் பொறந்தா நீதிமன்றம் உங்க வாசல்ல வந்து கையேந்தி நிக்குது.

— அதைத்தானே ஐயா நாளைக்குத் தீர்ப்புல சொல்லப் போறார்?

— அவர் என்ன சொல்வார்னு எனக்கே தெரியாது.

— ஊருக்கே தெரியும்க்கா. கோர்ட் பணம் கோர்ட் கையிலதான் இருக்கணும்னு எழுதிட்டார்னா, எங்க நிதிச் செயலர் வெளியில தலை காட்ட முடியாது.

— அதுக்காகத்தான் எங்க வயித்துல அடிக்கிறாரா?

— என்னைக் கேட்டா? நான் பொத்தானைத் தட்டுறவன்.

— நல்லாத் தட்டுறே. உன் அக்காவும் அதே பட்டியல்லதான் இருக்கேன்.

— அதனாலதான் சொல்றேன், கோபப்படாம கேளு. அந்தக் கட்டத்துல செயலர் பேரைப் போட்டுக்கலாம்.

— புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? வழக்குல எதிர்ல நிக்கிறவரே அவர்தான்!

— சும்மா பேருக்குக்கா. சம்பளம் போன கையோட எடுத்துடறேன்.

— ஐயா செத்தாலும் ஒத்துக்க மாட்டார்.

— ஐயாவை எதுக்குக் கேட்கணும்? பதிவாளர் கைரேகை இருந்தா போதும்.

— செயலர் பேரைப் போட்டா, அவரால என்ன செய்ய முடியும்?

— மத்த ஆபீஸ்ல லீவு, மாற்றல் எல்லாம் மேலதிகாரி கையிலதான். லீவுன்னு போட்டுட்டா, அந்த ஆள் போடுற கையெழுத்துகூடச் செல்லாது. ஆனா ஒரு நீதிபதிகிட்ட யாரு வாலாட்டுவா?

— எனக்குப் பயமா இருக்குடா.

— அப்போ விடு. வீட்டுக்குப் போ.

— எப்படிப் போறது? டிரைவர் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடக்கா. பணம் கட்டினாத்தான் ஆபரேஷன்கிறாங்க.

— அப்போ வை விரலை.

— நாளைக்கு ஐயா முகத்துல எப்படி முழிப்பேன்?

— அவருக்குத் தெரியவே தெரியாது. அழுத்து. இன்னும் கொஞ்சம். ஆங், ஏறிடுச்சு.

— போயிடுச்சா?

— பாரு, ஒவ்வொரு பேரா பச்சையாகுது. டிரைவர்... டைப்பிஸ்ட்... இதோ நீ. எல்லாருக்கும் போயாச்சு.

— அப்பாடா! இப்பவே அந்தப் பேரை எடு. என் கண் எதிர்ல எடு.

— எடுக்கறேன், இரு... எடுக்க விட மாட்டேங்குது.

— ஏன்?

— செயலர் உள்ள வந்துட்டார். ஏதோ பதிவு பண்றார்.

— என்னடா பண்றார்? திரையை இந்தப் பக்கம் திருப்பு.

— நீதிபதி ஐயா லீவு கேட்டிருந்தாராக்கா?

— நாளைக்குத் தீர்ப்பை வெச்சுக்கிட்டு அவர் எதுக்கு லீவு கேட்கப் போறார்?

— கொடுத்துட்டாங்க. நாளையிலேருந்து.