என் மனைவிக்குத் தண்ணீர் கொடுக்கப்பட்டது பற்றி

என் சொந்தப் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வேலையிடத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது; கோந்து என்று கேட்டால் ஆளைக் காட்டுவார்கள். வயது முப்பத்தெட்டு. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கோந்து இயந்திரத்தில் வேலை செய்கிறேன். தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டிய தெருவில், மாடிக் கட்டடம் ஒன்றில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒற்றை அறை வீட்டில் மனைவியுடன் குடியிருக்கிறேன். குழந்தைகள் இல்லை. என் மனைவியை வீட்டுக்குள் பூட்டிவைத்துத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கொடுமை செய்ததாக என் மீது வந்துள்ள புகார் குறித்துக் கேட்கப்பட்டதில், நான் சொல்வதாவது:

என் மனைவி வாடகைக் கார் அலுவலகம் ஒன்றில் தொலைபேசி எடுக்கும் வேலை பார்த்தாள். நாள் முழுக்க ஊராரிடம் பேசிவிட்டு வந்தும் வாய் ஓயாதவள். போன வருடம் வேலை நேரத்தில் நாற்காலியிலிருந்து சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. விழுங்குவதும் போனது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவள் தண்ணீர் குடித்தால் அது வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். சில சமயம் இருமல்கூட வராது. அதனால் அவளுக்கு எதைக் கொடுத்தாலும் ஒரு பொடியைக் கலந்து தேன் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்மணி சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு நான் அப்படித்தான் கொடுத்து வந்தேன். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு நான் சாதாரணத் தண்ணீர் கொடுத்ததில்லை என்பது உண்மை.

காலையில் வேலைக்குப் போகும் முன் அவளைத் துடைத்து, துணி மாற்றி, ஊட்டி, முதுகு புண்ணாகாமல் இருக்க ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவைப்பேன். கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கும். தட்டையாகப் படுத்தால் எச்சில்கூட நெஞ்சுக்குள் போய்விடும். இடைவேளைகளில் ஓடிவந்து மறுபக்கம் திருப்புவேன். பணி நேரத்தில் வெளியே போகக்கூடாது என்பது விதி. வாசல் காவலாளி, "டீ குடிக்கப் போறியா? சரி, சீக்கிரம் குடிச்சிட்டு வா" என்று சொல்லித் திறந்துவிடுவார். நான் டீ குடித்ததை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் பழத்தோடு வந்து பார்த்தவர்கள் பிறகு பழம் இல்லாமல் வந்தார்கள், அதன் பிறகு வரவில்லை. சாயங்காலம் தொழிற்சாலைக் கதைகளை அவளிடம் சொல்வேன். அவள் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். கொஞ்ச நாளில் கதைகள் தீர்ந்துவிட்டன. பிறகு பெட்டிகள் மேல் அச்சடித்திருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் மேலே. நனையாமல் பாதுகாக்கவும். அறையில் ஒரு குரலாவது கேட்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

ஏன் பூட்டினாய் என்று கேட்கப்பட்டதற்கு: முதலில் கதவைச் சும்மா சாத்திவிட்டுத்தான் போவேன். அப்போது என் மனைவியின் தங்கை அடிக்கடி வருவாள். ஒரு நாள் நான் இல்லாத நேரம் வந்து, அக்காவுக்குப் பிடிக்கும் என்று கேக்கைப் பாலில் ஊறவைத்து ஊட்டிவிட்டிருக்கிறாள். மறுநாள் காய்ச்சல் கண்டு, நுரையீரலில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் பிழைத்ததே பெரிய பாடானது. நான் மைத்துனியிடம் சத்தம் போட்டேன்.

"என் அக்காவுக்கு ஒரு வாய் ஊட்ட எனக்கு உரிமை இல்லையா மாமா? நான் என்ன விஷமா வெச்சேன்?" என்றாள்.

"விஷம் வெச்சிருந்தாகூட இவ்ளோ அவஸ்தை இருந்திருக்காது" என்று சொன்னேன். அது பேசக்கூடாத பேச்சு. அதன் பிறகு அவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து வெளியே பூட்டு போட்டேன். திருடனுக்குப் பயந்து பூட்டவில்லை. பாசத்தோடு வருகிறவர்களுக்குப் பயந்து பூட்டினேன்.

அக்கம்பக்கத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்பட்டதற்கு: சொன்னேன். எதிர்வீட்டு அம்மாளிடம் ஒரு சாவியை வைத்துக்கொள்ளச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். அவர் வீட்டுக்காரர், "படுத்த படுக்கையா கெடக்கற பொம்பள. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா எங்க தலையில விடியும். வேணாம்பா, நீயே வெச்சுக்க" என்று திருப்பிக் கொடுத்தார். தண்ணீர் கொடுக்கக்கூடாது என்பதையும் சொன்னேன். "தண்ணி குடிச்சு யாராச்சும் சாவாங்களா? ஆஸ்பத்திரியில ஆயிரம் சொல்லுவாங்க, விடு" என்றார் அந்த அம்மாள்.

நோயாளிகள் இல்லத்தில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கப்பட்டதற்கு: போய்ப் பார்த்தேன். பெரிய கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள் இருந்தன. சாப்பாடு இறக்க மூக்கில் செருகிய குழாயைப் பிடுங்காமல் இருப்பதற்காக நோயாளிகளின் கைகளைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவர், "இங்க பாதுகாப்புக்குக் குறையே இல்ல" என்றார். அங்கே கையைக் கட்டினால் அதற்குப் பெயர் பராமரிப்பு. நான் கதவைப் பூட்டினால் அதற்கு ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சம்பவத்தன்று மதியம் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் இயந்திரத்தில் அட்டை சிக்கி நின்றுவிட்டது. நின்றால் உருளையின் மேல் கோந்து இறுகிவிடும். அதற்கு முன் சுரண்டி எடுக்க வேண்டும். நான் மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன்.

"மேஸ்திரி, ஓடிப்போய் அவளைத் திருப்பிப் போட்டுட்டு ஓடி வந்துடறேன்."

"நீ ஓடிட்டு வர்றதுக்குள்ள உருளை கல்லாயிடும். அப்புறம் நாக்கால நக்கி எடுப்பியா?"

"யாரையாவது நிறுத்துங்க. வந்ததும் நானே பாத்துக்கறேன்."

"கோந்து, நீ உன் பொண்டாட்டிகிட்ட ஒட்டினாலும் ஒட்டின, இப்படியா ஒட்டுவ?" என்று பக்கத்து இயந்திரத்துக்காரன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு உருளையைச் சுரண்டினேன். இடைவேளை முடிந்து நெடுநேரம் கழித்துத்தான் அது முடிந்தது.

அந்த நேரத்தில் என் வீட்டில் நடந்தது எனக்கு நேரில் தெரியாது. எதிர்வீட்டு அம்மாள் இந்தக் காவல் நிலையத்தில் என் முன்னிலையில் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். என் மனைவி இடது கையிலிருந்த கரண்டியால் கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் அடுப்பருகே இருக்கும்போது கூப்பிடுவதற்காக நான் கொடுத்த கரண்டி அது. சத்தம் நிற்காததால் எதிர்வீட்டு அம்மாள் தன் மகனைக் கூப்பிட்டுப் பூட்டை உடைக்கச் சொல்லியிருக்கிறார். சாவியை வேண்டாம் என்று சொன்ன வீட்டிலிருந்துதான் சுத்தியல் வந்தது. உள்ளே போனதும், பாவம் வசதியாகப் படுக்கட்டும் என்று கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கிவிட்டிருக்கிறார்கள். அதன் பிறகு தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள்.

"நாக்கு வறண்டு கெடந்துச்சு சார். டம்ளரைப் பாத்ததும் கண்ணு எப்படி ஆச்சு தெரியுமா? மடக்குன்னு குடிச்சா. குடிச்சிட்டு என்னைப் பாத்து சிரிச்சா சார். அடுத்த வாயில பொரையேறிடுச்சு. 'யாரோ உன்னை நெனைக்கறாங்கடி'ன்னு உச்சந்தலையில தட்டிட்டு, அடங்கட்டும்னு இன்னும் கொஞ்சம் குடுத்தேன்" என்று அந்த அம்மாள் சொன்னார்.

அவளை நினைக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. நான் அப்போது உருளையைச் சுரண்டிக்கொண்டு அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தெருமுனைக்கு வந்தபோது கூட்டம் நின்றது. ஆம்புலன்ஸ் போயிருந்தது. மாடிக்கு ஓடினேன். கட்டில் தட்டையாக இருந்தது, தலையணை நனைந்திருந்தது. எதிர்வீட்டு மகன் ஒரு கையில் செல்போனைப் பிடித்துப் படம் எடுத்தபடி இன்னொரு கையால் என் கன்னத்தில் அறைந்தான். "நாயைக்கூட இப்படிப் பூட்டிவெக்க மாட்டாங்கடா. மனுசனா நீ?" என்றான். நான் திருப்பி அடிக்கவில்லை. "எவ்வளவு தண்ணி குடுத்தீங்க?" என்று கேட்டேன். அவன் செல்போனில் ஊரெல்லாம் அனுப்பிய அந்தப் படத்தில் நான் கேட்டது இருக்கிறது. தண்ணீருக்குக்கூடக் கணக்குப் பார்க்கிறான் என்று அதன் கீழே எழுதியிருக்கிறார்களாம்.

அதன் பிறகு காவலர்கள் வந்து என்னை இங்கே அழைத்து வந்தார்கள்.

எதிர்வீட்டு அம்மாள் மீதும் அவர் மகன் மீதும் புகார் கொடுக்க விரும்புகிறாயா என்று ஆய்வாளர் கேட்டார். விரும்பவில்லை. இத்தனை மாதங்களில் என் மனைவி தட்டியதைக் கேட்டு வந்தவர்கள் அவர்கள்தான். நான் அவளுக்கு ஆயிரம் கரண்டி ஊட்டியிருப்பேன். ஒரு கரண்டிக்குக்கூட அவள் சிரித்ததில்லை. அந்த அம்மாள் கொடுத்த தண்ணீருக்குச் சிரித்திருக்கிறாள். அந்தத் தண்ணீர்தான் இப்போது அவள் நெஞ்சில் இருக்கிறது. யார் மீது என்னவென்று புகார் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி உயிரோடு இருப்பதாகவும், மூக்கில் ஆக்சிஜன் வைத்து வார்டில் படுக்கவைத்திருப்பதாகவும் காவலர் ஒருவர் விசாரித்துச் சொன்னார். என் மைத்துனி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, இனி தானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். காவலரின் தொலைபேசியில் அவளுடன் பேச அனுமதித்தார்கள்.

"இனிமே அக்காவ நான் பாத்துக்கறேன் மாமா. நீங்க கிட்ட வராதீங்க."

"சரிம்மா. நீயே பாத்துக்க. ஆனா ஒண்ணு கேளு, வாயில எதுவும்..."

"ஒரு டம்ளர் தண்ணிக்கு ஏங்க விட்டுட்டு, இப்ப என்ன மாமா எனக்குப் பாடம்?" என்று சொல்லி வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டும் எடுக்கவில்லை. விசாரணை முடியும்வரை நான் என் மனைவியின் அருகே போகக்கூடாது என்று ஆய்வாளர் தெரிவித்தார்.

அந்த வார்டு எனக்குத் தெரியும். சாயங்காலம் டீ வண்டி வரும். வண்டிக்காரர் யாருக்கு என்ன நோய் என்று பார்க்கமாட்டார். கட்டிலுக்கு ஒரு டம்ளர் வைத்துக்கொண்டே போவார். பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் எடுத்து ஊட்டிவிடுவார்கள். ஆகையால் பின்வருவதையும் என் வாக்குமூலத்தில் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

டாக்டர் கொடுக்கலாம் என்று சொல்லும்வரை வாயில் ஒரு சொட்டும் விடக்கூடாது. உதடு காய்ந்தால் ஈரத் துணியால் தொட்டுவிட்டால் போதும். கொடுக்கலாம் என்று சொன்ன பிறகு, நிமிர்த்தி உட்காரவைத்து, பொடி கலந்து தேன் பதத்தில் கொடுக்க வேண்டும். சின்னக் கரண்டியில், வாயின் இடது பக்கம் வைக்க வேண்டும். வலது பக்கம் வைத்தால் அங்கேயே தங்கிவிடும், அவளுக்குத் தெரியாது. முகவாய் நெஞ்சைப் பார்த்துக் குனிந்திருக்க வேண்டும். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. ஊட்டும்போது அவளிடம் பேசக்கூடாது. பேசினால் பதில் சொல்லப் பார்ப்பாள், புரையேறும். புரையேறினால் தலையில் தட்டக்கூடாது, முன்னால் சாய்த்துப் பிடிக்க வேண்டும். தண்ணீரைப் பார்த்து அவள் கை நீட்டுவாள். கெஞ்சுவதுபோல் இருக்கும். கொடுக்கக்கூடாது. முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அழுவாள், அப்போதும் கொடுக்கக்கூடாது.

மேலே உள்ளதெல்லாம் நான் சொல்லி எழுதப்பட்டது. உண்மை. இந்த நிலையத்துக்குள் என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. முழுவதையும் எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம். படிக்காமலே கையெழுத்துப் போடுகிறேன். கடைசிப் பகுதியை மட்டும், டீ வண்டி வருவதற்குள், என் மைத்துனிக்குப் படித்துக் காட்டவும்.

(கையொப்பம்)